பரிசுக்கு இன்னும் நான்கு வாரம், இப்போது விலகலாமா?

கொங்குப் பகுதியின் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 38, உயரம் 158 செ.மீ., பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாக ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். வீட்டருகே உள்ள ஜிம்மில் 12 வார ‘ட்ரான்ஸ்ஃபர்மேஷன் சேலஞ்ச்’ அறிவித்தார்கள். கட்டணம் 15,000 ரூபாய். உடல் எடையில் அதிக சதவீதம் குறைப்பவருக்கு 1 லட்சம் ரூபாய் பரிசு. 91 கிலோவில் சேர்ந்தவர் எட்டு வாரத்தில் 78 கிலோவுக்கு வந்து, இரண்டாம் இடத்தில் இருக்கிறார். காலையில் ஒன்றரை மணி நேரம், பள்ளி விட்டு வந்து ஒன்றரை மணி நேரம் பயிற்சி. சாப்பாடு நாளைக்கு 800 கலோரி: முட்டை வெள்ளை, ஓட்ஸ், வெள்ளரிக்காய், புரோட்டீன் பவுடர்.

இரண்டு மாதமாகத் தீட்டு வரவில்லை. போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினால் கண் இருட்டுகிறது. முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையைத் தினமும் போடுகிறார். கடைசி வாரத்துக்கு டிரெய்னர் ஒரு திட்டம் கொடுத்திருக்கிறார்: உப்பு கிடையாது, இறுதி எடை பார்க்கும் முன் ஒன்றரை நாள் தண்ணீர் கிடையாது, கூடவே ஒரு சின்ன மாத்திரை. அந்த அட்டையின் படத்தையும் அனுப்பியிருக்கிறார்.

“அமெரிக்க டிவி ஷோவில் வாரத்துக்கு ஐந்து கிலோ, ஆறு கிலோ குறைக்கிறார்கள். டாக்டர்களும் கூடவே இருக்கிறார்கள். அவர்களால் முடியும்போது என்னால் ஏன் முடியாது என்று டிரெய்னர் கேட்கிறார். என் வீட்டுக்காரரோ, எப்படியும் ஆறு மாதத்தில் திரும்ப ஏறிவிடும், எதற்கு இந்த வேலை என்கிறார். யார் சொல்வது சரி?” இது அவர் கேள்வி. கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: “எட்டாவது படிக்கும் மகள் ஒரு வாரமாக ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்கிறாள்.”

அன்புச் சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டையில் இருப்பது ஃப்ரூசமைட். இதய நோயாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் உடலில் தேங்கிய நீரை வெளியேற்ற நாங்கள் எழுதித் தரும் நீர் மாத்திரை. கொழுப்பில் ஒரு கிராமைக்கூட அது குறைக்காது. மெஷினில் எண் குறையும், அவ்வளவுதான். போகும் நீரோடு பொட்டாசியமும் சோடியமும் போகும். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். உயிரே போன சம்பவங்கள் உண்டு. அந்த மாத்திரையை நீங்கள் தொடவே வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் ஆபத்து இன்னும் ஒரு படி அதிகம். சிறுநீரகத்துக்குள் ரத்தம் வடிகட்டப்பட ஓரளவு அழுத்தம் வேண்டும். உடலில் நீர் குறையும்போது, உள்ளே போகும் ரத்தக்குழாயை விரித்தும் வெளியே வரும் குழாயைச் சுருக்கியும் சிறுநீரகமே அந்த அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். வலி மாத்திரை முதல் வேலையைக் கெடுக்கிறது. டெல்மிசார்டன் இரண்டாவதைக் கெடுக்கிறது. அதன்மேல் நீர் மாத்திரையும் போட்டு, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் சில நாளிலேயே மடங்கிவிடலாம். பிபி மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேரக் கூடாது என்பது மருத்துவம் படிக்கும் எல்லோருக்கும் சொல்லித்தரப்படும் பாடம். உங்கள் டிரெய்னருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. நீங்கள் பிபி மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டாரா?

வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். பிபி மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். 13 கிலோ குறைந்த உடம்புக்குப் பழைய அளவு மாத்திரை அதிகமாகியிருக்கலாம். வகுப்பில் கண் இருட்டுவதற்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் அழுத்தம் பார்த்து, உங்கள் மருத்துவர் அளவை மாற்றுவார். நாளைக்கே போங்கள்.

டிவியில் நடந்தது என்ன

டிரெய்னர் சொல்வது ‘தி பிக்கெஸ்ட் லூசர்’ நிகழ்ச்சி. 2004இல் என்.பி.சி. சேனலில் தொடங்கி, பல ஆண்டுகள் ஓடியது. அதில் குறைந்த எடை உண்மைதான், பொய்யில்லை. ஆனால் எப்படிக் குறைந்தது, பிறகு என்ன ஆனது என்பதை அந்த மேடையில் யாரும் காட்டவில்லை.

முதல் சீசனில் வென்றவர் ரயன் பென்சன். சுமார் 150 கிலோவிலிருந்து 94 கிலோவுக்கு வந்தார். இறுதி எடைக்காகப் பட்டினி கிடந்து, உடல் நீரை வற்றவைத்து, சிறுநீரில் ரத்தம் போகும் நிலைக்கு வந்ததாக அவரே பின்னர் சொன்னார். எடையும் திரும்பிவிட்டது. உங்கள் டிரெய்னர் கொடுத்திருக்கும் கடைசி வாரத் திட்டமும் கிட்டத்தட்ட இதேதான்.

எட்டாவது சீசனில் முதல் போட்டியே கடற்கரையில் ஒரு மைல் ஓட்டம். பழக்கமில்லாத கனத்த உடம்புகளை ஓடவிட்டதில் இரண்டு பேர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனார்கள். ஒருவரை ஹெலிகாப்டரில் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. 2014இல் பதினைந்தாவது சீசனில் வென்ற பெண் 118 கிலோவிலிருந்து 48 கிலோவுக்கு இறங்கி மேடைக்கு வந்தபோது, பயிற்சியாளர்களின் முகமே மாறிப்போனதை நேரலையில் ஊரே பார்த்தது. அவருக்கு 2,50,000 டாலர் பரிசு. விதிப்படி அவர் செய்தது முற்றிலும் சரி. அதிக சதவீதம் குறைப்பவருக்குப் பரிசு என்று விதி வைத்துவிட்டால், எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்த விதிக்குத் தெரியாது. உங்கள் ஜிம்மின் விதியும் அதே விதிதான்.

“டாக்டர்கள் கூடவே இருக்கிறார்கள்” என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருந்தார்கள். ஆனால் தங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்களின் தகுதிக்கு எந்த உத்தரவாதமும் தரப்படவில்லை என்ற வாசகம் உள்ள தாளில் போட்டியாளர்கள் கையெழுத்திட்டிருந்ததை 2009இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது.

வாரம் ஐந்து கிலோ கணக்கையும் பார்த்துவிடலாம், நீங்கள் கணக்கு டீச்சராமே. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஐந்து கிலோ என்றால் 38,500. ஒரு நாளைக்கு 5,500 கலோரி பற்றாக்குறை வேண்டும். 91 கிலோவில் இருந்தபோது உங்கள் உடம்பு பயிற்சி இல்லாத நாளில் செலவழித்ததே 2,100 பக்கம்தான். எதுவுமே சாப்பிடாமல் கிடந்தாலும் கணக்கு இடிக்கிறது. மீதி எங்கிருந்து வரும்? தசையில் சேமித்த மாவுச்சத்தும் அதைப் பிடித்துவைத்திருக்கும் நீரும், பிறகு தசையும். தவிர, அங்கே போட்டியிட்டவர்கள் பெரும்பாலும் 150 கிலோவை ஒட்டித் தொடங்கியவர்கள். அவர்கள் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதே தப்பு.

‘திரும்ப ஏறிவிடும்’ என்கிற வாதம்

இங்கே உங்கள் வீட்டுக்காரருக்குப் பாதி மதிப்பெண் தருவேன்.

அதே எட்டாவது சீசனில் பங்கேற்ற 14 பேரை அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழு ஆறு வருடம் கழித்து மறுபடி பரிசோதித்தது. 2016இல் முடிவு வெளியானது. போட்டி முடிவில் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். இது பலரும் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு: சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் கலோரி, அவர்கள் எடைக்கும் வயதுக்கும் இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 குறைவாகவே இருந்தது. ஆறு வருடம் ஆகியும், எடை ஏறிய பிறகும்! ஒரு மசால் தோசையும் ஒரு காபியும் தினம் கூடுதலாகச் சாப்பிட்டதற்குச் சமம் அது, சாப்பிடாமலேயே. போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோன் போட்டி முடிவில் பதினாறில் ஒரு பங்காக விழுந்திருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகும் பழைய அளவுக்கு வரவில்லை. அந்த சீசனில் வென்ற டேனி கேஹில் ஏழு மாதத்தில் 108 கிலோ குறைத்தவர். அவருக்கு அந்தப் பற்றாக்குறை 800 கலோரி. “மனஉறுதி போதவில்லை” என்று அவரைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, மீதிப் பாதி மதிப்பெண் ஏன் இல்லை? அதே 14 பேரில் சிலர் எடையை நன்றாகவே காப்பாற்றிக்கொண்டார்கள். உடலுழைப்பை விடாமல் வைத்திருந்தவர்களுக்குத்தான் எடை குறைவாகத் திரும்பியது என்று அதே குழு அடுத்த வருடம் எழுதியது. மூன்று மாதத்துக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் என்பதைவிட, பத்து வருடத்துக்கு நாளைக்கு முக்கால் மணி நேரம் என்பதுதான் உதவுகிறது. ஆக, எடை குறைப்பதே வீண் என்பது தவறு. எப்படிக் குறைத்தாலும் ஒன்றுதான் என்பதும் தவறு.

800 கலோரி என்பதே விஷம் என்றும் நான் சொல்லவில்லை. பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்திய ‘டைரக்ட்’ (DiRECT) என்ற ஆய்வில் ஏறக்குறைய அதே அளவு உணவைத்தான் கொடுத்தார்கள். ஆனால் முதல் நாளே மருத்துவக் கண்காணிப்பில் பிபி மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டுத்தான் தொடங்கினார்கள். அந்தக் கட்டத்தில் மூன்று மணி நேரப் பயிற்சி எதுவும் இல்லை. நீங்கள் மாத்திரையோடும் பயிற்சியோடும் அதே பட்டினியில் இருக்கிறீர்கள், ரத்தப் பரிசோதனை ஒன்றுகூட இல்லாமல்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

ஒன்று, திட்டப்படி கடைசிவரை போவது. இதற்கு நான் ஒப்பமாட்டேன், காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

இரண்டு, கடைசி வாரத் தண்ணீர் விளையாட்டை மட்டும் மறுத்துவிட்டு, மற்றதைத் தொடர்வது. உங்கள் கடிதத்தைப் படித்தால் இதற்குத்தான் மனம் சாய்வதாகத் தெரிகிறது. ஆனால் தீட்டு நின்றிருப்பதே உடம்பு ‘கையில் இருப்பு இல்லை’ என்று சொல்லும் முறை. கர்ப்பமா என்று முதலில் பார்த்துவிடுங்கள். 38 வயதில் அதை விட்டுவிட்டு மற்றதைப் பேசக் கூடாது. அது இல்லையென்றால், உணவு குறைந்ததால் மூளை சினைப்பைக்குக் கொடுக்கும் கட்டளையை நிறுத்திவைத்திருக்கலாம். இது நீடித்தால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு மெலியும். இன்னும் நான்கு வாரம் இதே வேகத்தில் போவதில் பித்தப்பைக் கல் அபாயமும் இருக்கிறது. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைப்பவர்களிடம் அது கூடுகிறது, நீங்கள் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். முடி இனிமேல்தான் கொட்டத் தொடங்கும். அது திரும்ப வளரும், பயப்பட வேண்டாம்.

மூன்று, போட்டியிலிருந்து விலகி, உடற்பயிற்சியைத் தொடர்வது. என் பரிந்துரை இதுதான். நீங்கள் ஏற்கெனவே உடல் எடையில் 14 சதவீதம் குறைத்துவிட்டீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, முட்டி வலி எல்லாவற்றிலும் பலன் தெரிய 5 முதல் 10 சதவீதமே போதும். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை! மெஷின் காட்டாத நன்மை எவ்வளவு இருக்கிறது பாருங்கள். ஜிம்காரர்கள் இதைப் போஸ்டரில் போடமாட்டார்கள்.

விலகிய முதல் வாரம் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். இதை முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம், பலர் இந்த இடத்தில்தான் பதறி மறுபடி பட்டினிக்குப் போகிறார்கள். ஏறுவது தசைக்குத் திரும்பும் மாவுச்சத்தும் நீரும்தான். உணவை ஒரே நாளில் கூட்டாமல், வாரத்துக்கு 200, 300 கலோரி வீதம் கூட்டி 1,400, 1,500 வரை கொண்டுவாருங்கள். சோறு வேண்டாம் என்று இல்லை. ஒரு கரண்டி சோற்றுக்கு இரண்டு கரண்டி பருப்பும் காயும். முட்டையை மஞ்சளோடு சாப்பிடுங்கள். எடை தூக்கும் பயிற்சி வாரத்தில் இரண்டு மூன்று நாள், மற்ற நாளில் நடை. இனிமேல் வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும்.

நாளை மருத்துவரிடம் போகும்போது இவற்றைக் கேளுங்கள்: கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், ஹீமோகுளோபின், தைராய்டு, சி.பி.கே. (தசை சிதைகிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு இ.சி.ஜி. இதற்கிடையில் சிறுநீர் கோலா நிறத்தில் கறுத்துப் போனாலோ, தொடை தொட முடியாதபடி வலித்து வீங்கினாலோ, நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தாலோ, வலது விலா எலும்புக்குக் கீழே கடும் வலி வந்தாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. கறுத்த சிறுநீர் என்பது தசை சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தை அடைப்பதன் அறிகுறி.

கையெழுத்துப் போட்ட படிவம்

“எது நடந்தாலும் ஜிம் பொறுப்பல்ல என்று எழுதிக்கொடுத்துவிட்டேன், இனி என்ன செய்ய முடியும்” என்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வரி அவர்களை எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றிவிடும் என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் சேவையில் கவனக்குறைவு இருந்தால் 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கேள்வி கேட்கலாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்தை ஒரு டிரெய்னர் கையில் கொடுப்பதை எந்தப் படிவமும் நியாயமாக்காது. அந்த அட்டையையும் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் திட்டத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். உடல்நலக் காரணத்தால் விலகுவதாக எழுத்தில் கொடுங்கள், கூடவே மருத்துவரின் சீட்டு நகல். உங்கள் ‘பிஃபோர்’ படத்தை இன்ஸ்டாகிராமிலிருந்து எடுக்கச் சொல்லியும் அதிலேயே எழுதுங்கள். பணம் முழுதாகத் திரும்புமா என்றால், சந்தேகம்தான். கேட்டுப் பார்க்கலாம், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 15,000 போனாலும் போகட்டும் என்பது என் சொந்தக் கருத்து. சம்பளத்திலிருந்து கட்டிய உங்களுக்கு அது அவ்வளவு எளிதல்ல என்பதும் தெரியும்.

மகள்

நான்கு பக்கக் கடிதத்தில் இதற்கு ஒரே வரி கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு அதிகம் கவலை தந்தது அந்த வரிதான்.

இரண்டு மாதமாக அவள் வீட்டில் பார்ப்பது என்ன? அம்மா தட்டில் வெள்ளரிக்காய், ஹாலில் எடை மெஷின், போனில் அந்த ஷோவின் துண்டு வீடியோக்கள். 2012இல் வந்த ஓர் ஆய்வில், ‘பிக்கெஸ்ட் லூசர்’ ஒரு எபிசோடைப் பார்த்தவர்களுக்கு, பார்க்காதவர்களைவிடக் குண்டானவர்கள்மேல் வெறுப்பு கூடியிருந்தது. எடை முழுக்க அவரவர் கையில்தான் இருக்கிறது என்ற எண்ணமும் வலுத்திருந்தது. அது கல்லூரி மாணவர்களிடம் நடந்தது. பதின்மூன்று வயதில், உடம்பு தானாகவே அகலமாகி உயரமாகும் பருவத்தில், அந்த வெறுப்பு கண்ணாடியில் தன்னைப் பார்க்கும்போது தன்மேலேயே திரும்பும்.

எடை மெஷினை ஹாலிலிருந்து எடுத்துவிடுங்கள். இரவில் அவளோடு உட்கார்ந்து, அவள் சாப்பிடும் அதே தோசையை நீங்களும் சாப்பிடுங்கள். அட்வைஸ் வேண்டாம், எத்தனை தோசை என்ற எண்ணிக்கையும் வேண்டாம். ஏன் போட்டியை விட்டாய் என்று கேட்டால், தலை சுற்றியது, தீட்டு நின்றது, டாக்டர் நிறுத்தச் சொன்னார் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை: உங்களைக் கிண்டல் செய்வதாக நினைத்து உங்கள் எடையைப் பற்றி அவர் பேசுவதை மகளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு வாரத்தில் அவள் பழையபடி சாப்பிடவில்லை என்றாலோ, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குள் நெடுநேரம் இருந்தாலோ, தீட்டு தள்ளிப்போனாலோ குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவள் எடை சரியாகத்தானே இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.